வாட்ஸ் பொய் சொல்லாது

இந்தத் தண்ணி பாட்டில் மூடியைக் கொஞ்சம் திறந்து குடுங்கம்மா. மணிக்கட்டுல பிடிப்பு எனக்கு. போர்டுல எழுதி எழுதி வந்தது. ஆமா, டீச்சர்தான், கணக்கு டீச்சர். திருச்சியில, பொன்மலைப்பட்டி பக்கம். நீங்க காரைக்குடிக்கா? நான் முன்னாடியே புதுக்கோட்டையில எறங்கிடுவேன். எங்க வீட்டுக்காரரு அங்க அவரு தங்கச்சி தனம் வீட்டுல இருக்காரு. ஒரு மாசமாச்சு.

சண்டையெல்லாம் இல்லம்மா. சண்டை போட்டிருந்தா பரவாயில்லையே. நீ சொன்னே, நான் சொன்னேன்னு முடிஞ்சு போயிருக்கும். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும், "நான் கொஞ்ச நாள் தனம் வீட்டுல இருக்கேன்"னாரு. அவ்வளவுதான். எங்க சொந்தத்துல எல்லாரும் என்னைத்தான் பார்க்கறாங்க, நான் என்னமோ அவரைக் கொல்லப் பார்த்த மாதிரி. நீங்க வெளியாளு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் செஞ்சது என்ன தப்பு?

அவரு ரயில்வேயில கூட்ஸ் கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. கடைசிப் பெட்டியில தனியா நின்னுக்கிட்டே ஊரு ஊரா போன மனுஷன். வீட்டுல கால் தங்காது. ரிட்டையர் ஆனப்புறமும் விடிஞ்சா வெளியில போயிடணும். பொன்மலை யார்டு பக்கம் ஒரு டீக்கடை, அங்க பழைய ஆளுங்க நாலு பேரு. சரி, போகட்டும்னு நானும் விட்டுட்டேன்.

போன ஐப்பசியில, நல்ல மழை. போன மனுஷன் வரல. நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன், வந்திருப்பாருன்னு நினைச்சுக்கிட்டு. அவரு பஸ் ஸ்டாப்புல கிடந்திருக்காரும்மா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, அப்படியே சாஞ்சு கிடந்திருக்காரு. ஜனங்க பார்த்துட்டுப் போயிருக்காங்க. குடிச்சிட்டுக் கிடக்காருன்னு நினைச்சிருக்காங்க. பீடிகூட குடிக்காத மனுஷன். யாரோ ஒரு பால்காரரு முகத்தைத் திருப்பிப் பார்த்துட்டு ஆட்டோவுல தூக்கிப் போட்டுருக்காரு. எனக்கு போன் வந்தப்போ நான் எட்டாம் வகுப்புல முக்கோணம் நடத்திக்கிட்டு இருந்தேன்.

பொழைச்சுட்டாரு. ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர், "தினமும் மெதுவா நடங்க"ன்னாரு. நடங்கன்னா எங்க நடக்கறது? ரோட்டுல. மறுபடி அதே பஸ் ஸ்டாப்பு. அதே ஜனங்க. நீங்களா இருந்தா விடுவீங்களா? சொல்லுங்க.

என் தம்பி பெங்களூர்ல இருக்கான். சைக்கிள் ரேஸுக்குப் போறவன். வீட்டுக்குள்ளயே வச்சு ஓட்டற மெஷின் ஒண்ணு வச்சிருந்தான். சைக்கிளோட பின்சக்கரத்தைக் கழட்டிட்டு அதுல மாட்டணும். நகராது, நின்ன எடத்துலயே மிதிக்கணும். "அக்கா, நான் புதுசு வாங்கிட்டேன், இதை நீ வச்சுக்கோ"ன்னு பொங்கலுக்கு வந்தப்போ பழைய சைக்கிளோட கொண்டாந்து குடுத்தான். அதுல என்ன விசேஷம்னா, மிதிக்கிற சக்தி எவ்வளவுன்னு வாட்ஸ் கணக்குல காட்டும். பல்புக்குச் சொல்றோமே, அந்த வாட்ஸ்தான். மிதிக்கிறவரு ஒரு எடத்துல இருந்தாலும், என் போன்ல நான் எங்க இருந்தாலும் பார்த்துக்கலாம்.

நான் அதைப் படிச்சேம்மா. ராத்திரி பகலா படிச்சேன். நாடித்துடிப்பை மட்டும் வச்சு ட்ரெய்னிங் போட்டா அது ஆளை ஏமாத்தும். காபி குடிச்சா ஏறும், தூங்கலைன்னா ஏறும், வெயில்ல ஏறும். மாத்திரை சாப்பிட்டா ஏறாது. வாட்ஸ் அப்படி இல்ல. மிதிச்சா உண்டு, மிதிக்கலைன்னா இல்ல. வாட்ஸ் பொய் சொல்லாது. தம்பி சொன்ன முதல் வார்த்தையே அதுதான். ஒருத்தரால விடாம தாங்க முடியற சக்தி எவ்வளவோ அதை நூறுன்னு வச்சுக்கணும். அதுல அறுபது, எழுபது சதவீதம்னா பேசிக்கிட்டே மிதிக்கலாம். தொண்ணூறுக்கு மேல போனா பேச்சு வராது. மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், நாலாவது வாரம் இறக்கி ஓய்வு குடுக்கணும். மாசம் ஒரு டெஸ்ட் வச்சு அந்த நூறைத் திருத்திக்கணும். எவ்வளவு அழகான கணக்கு பாருங்க! முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சதவீதம் நடத்தறேன், அது ஒரு உசுரைக் காப்பாத்தும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அவரு முதல்ல அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு: "இத்தனை வருஷம் ஓடற வண்டியில நின்னேன். இப்ப நிக்கிற வண்டியில ஓடச் சொல்றியா?"

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

டெஸ்ட் வச்சோம். முழு டெஸ்ட் இல்ல, பயந்துக்கிட்டு மெதுவாத்தான் ஏத்தினேன். எண்பது வாட்ஸ்கிட்ட வந்தது. அதுல அறுபது சதவீதம்னு போட்டு ஆரம்பிச்சேன். காலையில ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவரு மிதிப்பாரு, நான் எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஒரு நாளும் முழுசா முடிக்கல. பாதியில நிறுத்திட்டு ஜன்னலைப் பார்ப்பாரு. கீழ ரோட்டுல யாராவது போனா பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. "இங்க பாருங்க, நம்பரைப் பாருங்க"ம்பேன் நான்.

கொஞ்ச நாள் கழிச்சு அவரே சொன்னாரு, "நீ எதிர்ல உக்காந்தா எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் நிதானமா பண்றேன். உனக்குத்தான் போன்ல தெரியுமே?" நியாயமாத்தானே இருக்கு? சரின்னுட்டேன்.

அன்னையில இருந்து பாருங்கம்மா, ஸ்கூல் இருக்கற ஒரு நாள் தவறல; சனி, ஞாயிறு ஓய்வுன்னு போட்டுட்டேன். நான் ரெண்டாவது பீரியடு முடிச்சு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து போனைத் திறந்தா, போட்டது போட்டபடி முடிச்சிருப்பாரு. துடிப்பும் அழகா ஒரே நிதானமா இருக்கும். ஆமா, நெஞ்சுல ஒரு பட்டை கட்டிக்கணும், அது துடிப்பைக் காட்டும். மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன். அடுத்த மாசம் டெஸ்ட்டையும் மெஷின்ல போட்டு வச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன். நூத்திப்பத்து! எண்பதுல இருந்து நூத்திப்பத்து. தம்பிகூட, "என்னக்கா, மாமாவுக்கு இவ்வளவு சீக்கிரமாவா?"ன்னான். உன் மாமா கார்டு வேலை பார்த்த உடம்புடான்னேன். அதுக்கடுத்த மாசம் நூத்தி நாப்பதைத் தொட்டுட்டாரு.

ஸ்டாஃப் ரூம்ல அந்த கிராஃபை நான் காட்டாத ஆளு இல்ல. பத்தாம் வகுப்புக்குச் சாய்வு நடத்தறப்போ அந்தக் கோட்டைத்தான் போர்டுல போட்டேன். வீட்டுக்கு வந்தா அவரும் தெளிவா இருப்பாரு. முகத்துல ஒரு களை. நல்லா சாப்பிடுவாரு, நல்லா தூங்குவாரு. எனக்கும் தூக்கம் வந்துச்சும்மா. அந்த மழைக்கப்புறம் நான் சரியா தூங்கினது அந்த மூணு மாசம்தான்.

கீரனூர் தாண்டிட்டமா? இன்னும் இல்லையா? சரி.

ஏப்ரல் கடைசியில லீவு விட்டாங்க. முதல் திங்கட்கிழமை. லீவுதானே, நானும் பக்கத்துல இருக்கேன், ஆசையா பார்க்கலாம்னு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவரு வந்து வாசல்கிட்ட நின்னாரு.

"இன்னைக்கு வேணாமே. வெக்கையா இருக்கு."

"ஃபேன் போட்டுருக்கேன். போன வாரம் இதைவிடக் கஷ்டமானதை முடிச்சீங்க."

"நாளைக்குப் பண்றேன்."

"நாளைக்கு வேற அளவு போட்டிருக்கு. கணக்கு மாறிடும்."

அவரு வாயைத் திறந்தாரு. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறி உக்காந்துட்டாரு. பட்டையைக் கட்டிக்கச் சொன்னேன், அரிக்குதுன்னு வேணாம்னுட்டாரு.

நான் போட்டிருந்தது அவரோட கணக்குப்படி சுமாரானதுதான். நூறு வாட்ஸ். நூத்தி நாப்பதுல எழுபது சதவீதம் வருதா? பேசிக்கிட்டே மிதிக்கலாம். அந்த மெஷின்ல ஒண்ணு இருக்கு. நாம ஒரு அளவு வச்சுட்டா அது அதையே பிடிச்சுக்கும். நீங்க வேகமா மிதிச்சா லேசாகும். மெதுவா மிதிச்சா, அந்தக் குறைச்சலை ஈடு கட்ட இன்னும் கனமாகும். களைச்சுப் போயி மெதுவானா அது விடாது, இன்னும் அழுத்தும். அதனாலதான் வேகத்தை விடக்கூடாது.

அவரு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே எதிர்வீட்டுப் பொண்ணு ஜெசிந்தா வந்து கிரில் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ புருஷன் மஸ்கட்ல இருக்கான். இவ மாமியாரோட, ஒரு கைக்குழந்தையோட இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி மாவட்ட அளவுல ஓட்டப் பந்தயத்துல ஓடினவளாம். மாமியார் லூர்தம்மா வாசல்படி தாண்டவிட மாட்டாங்க.

"டீச்சர், சார் இன்னைக்கு வேணாம் டீச்சர்"னா.

"ஏன்? உனக்கென்ன தெரியும்?"னேன்.

அவ அவரைப் பார்த்தா. அவரு வேணாம்னு தலையை ஆட்டினாரு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, இவ ஏதோ குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்கன்னு சொல்ல வந்திருக்கான்னு நினைச்சேன். "அப்புறம் வா, ஜெசிந்தா, நடுவுல பேச்சுக் குடுத்தா வேகம் குறைஞ்சிடும்"னேன். அவ போகல. அங்கயே நின்னா.

வேகம் குறைஞ்சிடுச்சு. "மிதிங்க, விடாதீங்க, விட்டா கனமாகும்"னேன். அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிக்கிறாரு. வேர்வை சொட்டுது. நான் நம்பரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நம்பர் நூறுலயே நிக்குதும்மா, அது மெஷின் பிடிச்சு வச்சிருக்கிற நம்பரு, அது நிக்கத்தானே செய்யும். சரியாத்தான் போகுது, சரியாத்தான் போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். ஜெசிந்தா "டீச்சர்!"னு கத்தினப்புறம்தான் நான் அவரு முகத்தைப் பார்த்தேன்.

உதடு ஒரு மாதிரி நிறம். அப்படியே கட்டில் பக்கமா சாஞ்சுட்டாரு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவதான் கிரில்லைத் தள்ளிக்கிட்டு வந்தா. அவதான் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை எடுத்தா. அது எங்க இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்ப எனக்குத் தோணல. லிஃப்ட் இல்லாத வீடு. ரெண்டாவது மாடி. அவரைத் தோள்ல சாய்ச்சு, இடுப்பைப் பிடிச்சு, படிப்படியா கீழ கொண்டாந்து சேர்த்தா. நான் பின்னாடி செருப்பில்லாம ஓடினேன். நல்ல வலுவான காலு அவளுக்கு. அதை நான் மறுக்கல.

இன்னொரு அடைப்பு இருந்திருக்கு. நேரத்துக்குக் கொண்டாந்ததால பொழைச்சாருன்னாங்க. டாக்டர் என்னை உள்ள கூப்பிட்டு, "இவ்வளவு பாரம் வச்சு யார் மிதிக்கச் சொன்னது?"ன்னு கேட்டாரு. நான் போனை எடுத்துக் காட்டினேன். மூணு மாசத்து கிராஃபு. "இதைவிட அதிகமா செஞ்சவரு டாக்டர், நீங்களே பாருங்க"ன்னேன். அவரு பார்த்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இந்த இதயத்தால இது முடியாதும்மா"ன்னாரு.

முடியாதுன்னா? நம்பர் இருக்கே!

சாயங்காலம் உள்ள விட்டாங்க. மூக்குல ட்யூபு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"அது நான் இல்ல"ன்னாரு.

"எது?"

"அந்த நம்பரெல்லாம். அது ஜெசிந்தா."

நான் கிளம்பிப் போனதும் அவ வருவாளாம். குழந்தை தூங்கற நேரம். டீச்சர் வீட்டுல சின்ன வேலை இருக்குன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டு வருவாளாம். பட்டையைக் கட்டிக்கிட்டு அவ மிதிப்பா. இவரு சட்டையை மாட்டிக்கிட்டு நடக்கப் போயிடுவாரு. டாக்டர் சொன்ன மாதிரி மெதுவா, யார்டு சுவர் ஓரமா, மாத்திரையைப் பையில வச்சுக்கிட்டு. திரும்பி வர்றப்போ அவ முடிச்சிருப்பாளாம். முதல்ல, "ரொம்ப மிதிக்காத, டீச்சர் கணக்குப் போட்டுடுவா"ன்னு இவரு சொல்லியிருக்காரு. டெஸ்ட் அன்னைக்கு அவளால அடக்கிக்க முடியலையாம். "சார், ரொம்ப நாளைக்கப்புறம் கால் ஓடுச்சு சார்"னு அழுதாளாம்.

என்கிட்ட இதைச் சொல்றாரும்மா. ட்யூபை வச்சுக்கிட்டு, அவ அழுததை என்கிட்ட சொல்றாரு.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? ஏன் ஏறி உக்காந்தீங்க?"ன்னேன்.

"நீ அந்த கிராஃபை எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தியே"ன்னாரு.

எனக்கு உயிர் போயி வந்த பயமெல்லாம் ஒரு பக்கம். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? மூணு மாசமா நான் யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்? தினம் ரெண்டாவது பீரியடு முடிஞ்சதும் ஓடி வந்து, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, இதோ மிதிக்கிறாரு, இதோ துடிக்குது, இருக்காருன்னு நிம்மதியா மூச்சு விட்டேனே, அது யாரோட நெஞ்சு? அவரு பாட்டுக்கு ரோட்டுல நடந்துக்கிட்டு இருந்திருக்காரு. மழை பெய்ஞ்சிருந்தா? மறுபடி விழுந்திருந்தா? நான் இங்க அழகா துடிக்குதுன்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பேனே!

டாக்டர் என்னடான்னா, தினம் நடந்தது நல்லதுன்றாரு. அந்த நடைதான் இந்தத் தடவை அவரைக் காப்பாத்துச்சுன்றாரு. அப்படியே இருக்கட்டும். அதுக்கு என்ன ஆதாரம்? நடந்ததுக்கு எங்க கணக்கு இருக்கு?

ஜெசிந்தா வந்தா. அவரு புதுக்கோட்டைக்குக் கிளம்பின மறுநாள். கதவுக்கு வெளியிலயே நின்னா. "மன்னிச்சுடுங்க டீச்சர். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குன்னு இருந்துச்சு"ன்னா. என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனான்னேன். குடுத்திருப்பேனா? தெரியலம்மா. அது வேற விஷயம். நான் அன்னைக்கே தம்பிக்கு போன் பண்ணி மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். அவன் அனுப்பின ஆளுங்க வந்து படியில இறக்கறப்போ அவ குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு கீழ வரைக்கும் பின்னாடியே போனா. போயி ரோட்டுல நின்னா. லூர்தம்மா மாடியில இருந்து சத்தம் போட்டும் மேல வரல. அது அவ பாடு. எனக்கென்ன?

தனம் போன்ல சொல்றா, "அண்ணன் இங்க நல்லா இருக்காரு அண்ணி. காலையில குளத்துப் பக்கம் நடந்துட்டு வர்றாரு. யாரு கூடவாவது பேசிக்கிட்டே இருக்காரு"ன்னு. யாராவது கூடப் போறாங்களான்னு கேட்டேன். அவ பேச்சை மாத்திட்டா.

நேத்து அவரே போன் பண்ணாரு. "ஸ்கூல் திறக்கப் போகுதே, அதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ"ன்னாரு. "என்ன கொண்டாரட்டும்?"னேன்.

"ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட வா"ன்னாரு.

அவரு சொன்னபடியே பாருங்க, பழம்கூட வாங்கல. தனம் வீட்டுக்கு வெறுங்கையோட போறது எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டாரே! இந்தப் பையில இருக்கறது அந்தக் கணக்குல வராதும்மா. இது ஒரு வாட்ச்சு. தம்பி அனுப்பினான். கையில கட்டிட்டாப் போதும், நடந்தாலும் துடிப்பு எனக்கு வந்துடும், எங்க நிக்கிறாருன்னுகூட வந்துடும். கட்டியிருக்கறதே தெரியாது. எதிர்ல ஸ்டூல் போட்டு உக்கார வேண்டியதில்ல. அவரு பாட்டுக்கு எங்க வேணா போகட்டும், யாரோட வேணா பேசட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பார்த்துக்கிட்டு மட்டும் இருப்பேன். இதுல அவருக்கு என்ன கஷ்டம்? நீங்களே சொல்லுங்க.



அட, புதுக்கோட்டை வந்துருச்சா? பேச்சுல தெரியல. இந்த ஊரு பஸ் ஸ்டாண்டு எப்பவும் இப்படித்தான், ஒரே நெரிசல். கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கம்மா, அந்தத் தூணுகிட்ட, நீலச் சட்டை. அவருதான். தனியாவா வந்திருக்காரு? தனம் வீடு இங்க பக்கத்துல இல்லையே. நடந்தா வந்தாரு, இந்த வெயில்ல?

யாரோ பூ விக்கிற அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. கையை ஆட்டி ஆட்டி என்னத்தையோ சொல்றாரு பாருங்க. அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. அவரும் சிரிக்கிறாரு. தலையைப் பின்னாடி சாய்ச்சு. இப்படிச் சிரிப்பாருன்னே எனக்கு மறந்து போச்சும்மா.

வேணாம், வேணாம், கூப்பிடாதீங்க. எறங்கறேன் கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் பொறுங்க. ஒரே ஒரு நிமிஷம் இப்படியே உக்காந்திருக்கேன். அவரு இன்னும் என்னைப் பார்க்கல. பார்த்துட்டா நிறுத்திடுவாரு.